புளியும் லேசரும்: கதிரியக்க அழுக்கைக் கழுவும் கதை

பி.காம் படிக்கிறவனுக்கு அணு உலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கணக்கில் ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும் அல்லவா? கதிரியக்க அழுக்கும் அப்படித்தான். அதைக் கழுவி ஒழித்துவிட முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். எங்கே மாற்றுவது என்பதுதான் இந்த வரலாறு.

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984இலும் இரண்டாவது 1986இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. இப்படிப்பட்ட உலைகளில் குழாய்க்குள் ஓடும் கனநீர் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அந்தத் துகளில் உள்ள கோபால்ட், உலைக்குள் நியூட்ரான் பட்டு கோபால்ட்-60 ஆகிவிடும். பிறகு குழாய்ச் சுவரில் துருவோடு துருவாகப் படிந்துகொள்ளும். பாதியாகக் குறையவே 5 ஆண்டுக்கு மேல் ஆகும். பழுதுபார்க்கப் போகும் தொழிலாளி வாங்கும் கதிர்வீச்சில் பெரும்பங்கு இதனால்தான்.

சரி, எப்படி எடுப்பது? நம் தஞ்சாவூர்ப் பக்கம் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அமிலம் களிம்பைக் கரைக்கும். கல்பாக்கத்திலும் இதே தத்துவம்தான். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் போன்றவற்றை மிகக் குறைவாகக் கலந்து குழாய்களில் ஓட்டுவார்கள். கரைந்து வருவதை அயனிமாற்றப் பிசின் பிடித்துக்கொள்ளும். குழாய் சுத்தம்! ஆனால் பிசின் இப்போது கதிரியக்கக் கழிவு. அதைப் பாதுகாக்க இடமும் பணமும் வேண்டும்.

இங்கேதான் லேசர் வருகிறது. 1960இல் மைமன் முதல் லேசரை இயக்கினார். 1965இல் ஆர்தர் ஷாலோ லேசரால் தாளில் உள்ள மையை மட்டும் அழிக்கலாம் என்று காட்டினார். கறுப்பு மை ஒளியை உறிஞ்சி ஆவியாகும், வெள்ளைத் தாள் தப்பிவிடும். 1972இல் வெனிஸ் நகரில் ஜான் ஆஸ்மஸ் இதே வழியில் பளிங்குச் சிலைகளின் கரியை நீக்கினார். 1990களில் அமெரிக்காவின் ஏம்ஸ், ஐடஹோ ஆய்வுக்கூடங்கள் இதைக் கதிரியக்க உலோகத்தில் சோதித்தன. 2000க்குப் பிறகு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினரும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்பு, மேல்படலத்தை மட்டும் பெயர்க்கிறது. பெயர்ந்ததை உறிஞ்சி வடிகட்டியில் பிடிக்கிறார்கள். தண்ணீரும் இல்லை, அமிலமும் இல்லை. மிஞ்சுவது வடிகட்டி மட்டும்!

குறையும் உண்டு. ஒளி படாத வளைவில் லேசருக்கு வேலையில்லை. பெரிய பரப்பு என்றால் நேரமும் பிடிக்கும். எனவே புளி வழிக்கு இன்னும் ஓய்வு கிடையாது.

இதில் நமக்கென்ன? 2008இல் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கண்டுபிடித்தார்கள். அந்த எஃகு போனது இந்தியாவிலிருந்து. பழைய இரும்பு எங்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்? அழுக்கைக் கணக்கில் சரியாக எழுதாவிட்டால், அந்தக் கடன் முகம் தெரியாத ஒருவர் தலையில் விழும்.