தலையாட்டி கூப்பிடும் களவா... கூடவே கிளம்பும் அஞ்சாளை! செங்கடலில் நடக்கும் கூட்டு வேட்டை

எகிப்தின் ராஸ் முகமது தேசியப் பூங்கா, செங்கடலில் டைவிங் போகிறவர்கள் தேடிப்போகும் இடம். அங்கே பாறைப் பொந்தில் படுத்திருக்கும் ஒரு அஞ்சாளையின் முன்னால் களவா மீன் போய் நின்று, படபடவென உடம்பை உலுக்கித் தலையை ஆட்டுகிறதா? உடனே கேமராவோடு கிட்டே போய்விடாதீங்க. அது வேட்டைக்கான அழைப்பு.

ஏன் கூப்பிடுகிறது?

களவா பகலில், திறந்த தண்ணீரில் பாய்ந்து இரை பிடிக்கும். துரத்தும் மீன் பவளப்பாறை இடுக்கில் புகுந்துவிட்டால் அவ்வளவுதான், இந்தப் பருத்த உடம்பு உள்ளே நுழையாது. அஞ்சாளை நேர் எதிர். பாம்பு மாதிரி வளைந்து இடுக்குக்குள் போய்விடும், ஆனால் பெரும்பாலும் இரவில்தான் வேட்டை. இரண்டும் சேர்ந்தால் இரைக்கு உள்ளேயும் ஆபத்து, வெளியேயும் ஆபத்து!

ரெதுவான் பிஷாரி தலைமையிலான விஞ்ஞானிகள் இதை 2006-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். பசியோடு இருக்கும் களவாதான் அதிகம் கூப்பிடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. 2013-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரஸ்யம்: இரை ஒளிந்த இடத்துக்கு மேலே களவா தலைகீழாக நின்று, 'இங்கேதான் இருக்கு' என்று காட்டுகிறதாம். நாம் விரல் நீட்டிக் காட்டுகிற மாதிரி!

சரி, பங்கு பிரிப்பது எப்படி? பிரிப்பதே இல்லை. இரண்டுமே இரையை முழுசாக விழுங்கும் மீன்கள். யார் வாயில் சிக்குதோ அவருக்கே. இன்று களவாவுக்கு என்றால் நாளை அஞ்சாளைக்கு.

டைவர்கள் செய்யும் தப்பு

அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மூச்சுவிடுகிறது. சுமார் 3 மீட்டர் வரை வளரும் பெரிய அஞ்சாளைகூட தானாக வந்து தாக்குவது அரிது. கையால் தீனி கொடுப்பதுதான் வம்பு. அதற்குக் கண்பார்வை மந்தம், மோப்பம்தான் பலம். தீனி எது, விரல் எது என்று தெரியாமல் கடித்து, டைவர்கள் விரலையே இழந்திருக்கிறார்கள். தொண்டைக்குள் இரையை இழுக்க இரண்டாவது தாடையும் இருக்கிறது!

பொந்துக்குள் கைவிடாமல், சில மீட்டர் தள்ளி அசையாமல் மிதந்தால் போதும். களவா தலைகீழாக நின்றால் அதற்கு நேர் கீழே இருக்கும் இடுக்கைக் கவனியுங்க. அடுத்து அஞ்சாளை அங்கே வர வாய்ப்பு அதிகம்.