போதை அடிமைநிலையும் வாழ்க்கை நலனும்
போதைப்பொருளுக்கு அடிமையானவரின் நலனை அவர் பாவிக்கும் அளவோடு, அவரது சுபாவமும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. எளிதில் கவலைக்குள் விழும் இயல்பும், பின்விளைவை எண்ணாமல் செயற்படும் இயல்பும் அடிமைப்பட்டோரிடம் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் சுபாவத்தை மட்டும் குற்றஞ்சாட்டுவது பெரும் அநியாயம். வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையாகி 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படையினரை ஆய்வாளர் லீ ரொபின்ஸ் ஆராய்ந்தார். முதலாண்டில் அவர்களுள் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 வீதமே. சூழல் மாறியது அவர்களைத் தாங்கியது.

ஆனால் இலங்கையின் சாய்ந்தமருதுக்குச் சிகிச்சை முடிந்து வருபவர் பழைய சூழலுக்கே திரும்புகிறார். கல்முனையை ஒட்டி, வீடுகள் நெருங்கிய இக்கரையோர ஊரை 2004 டிசம்பர் 26 சுனாமி சிதைத்தது. பல குடும்பங்கள் உறவுகளையும் தோணிகளையும் இழந்தன. கடற்றொழில் வருமானமும் நிலையானதன்று: மாரியில் கடல் கொந்தளித்தால் வீட்டுச் செலவுக்கே கடன்தான். இஸ்லாமிய மார்க்கம் போதையை ஹராமாக்கியிருப்பது பலருக்குப் பலமான அரண். எனினும் ஒருவர் விழுந்துவிட்டால், தங்கச்சியின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று பயந்து வீட்டார் விஷயத்தை மூடிவைப்பதுண்டு; அந்த மறைப்பில் சிகிச்சை பிந்துகிறது, அவரது தனிமையும் கூடுகிறது.

இலங்கையில் போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்ற உத்தரவின்பேரில் கட்டாயச் சிகிச்சைக்கும் இடமளிக்கிறது. தாமாக உதவி தேடுவோருக்கு, 1984இல் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை வழங்குகிறது.