சாலைக்காரர் கையில் தண்டவாளம்

1960 ஜனவரி 28. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் போக்குவரத்துத் துறை அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ் எழுந்து நிற்கிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது தன் சொந்தப் பங்குகளைப் பற்றி.

மேற்கு லண்டனில் ஹாமர்ஸ்மித் என்ற இடத்தில் பெரிய மேம்பாலம் ஒன்று கட்ட டெண்டர் விட்டிருந்தார்கள். வேலை ‘மார்பிள்ஸ் ரிட்ஜ்வே’ கம்பெனிக்குப் போனது. அதைவிடக் குறைந்த தொகை போட்டிருந்த டெண்டர் ஒன்று தள்ளப்பட்டது, தள்ளியது சரிதான் என்று போக்குவரத்து அமைச்சகத்தின் பொறியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்று லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்று எழுதிவிட்டது. கம்பெனிப் பெயரில் முதலில் நிற்கிற மார்பிள்ஸ் அமைச்சரேதான். மொத்தப் பங்குகள் 80,000. அதில் 64,000 அவருடையவை.

பங்குகளை விற்க ஏற்பாடு நடக்கிறது என்று அவர் சபையில் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையையும் சொன்னார். வாங்குகிறவர் கேட்டால், தான் பதவியிலிருந்து இறங்கிய பிறகு, விற்ற அதே விலைக்கு அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அப்படிக் கேட்டது வாங்குகிறவர்தான், தனக்கு அந்த உரிமை இல்லை என்றும் விளக்கினார். நிலம் வாங்கி விற்றுப் பழகிய யாரும் இதைக் கேட்டவுடன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: இது கிரயமா, அடமானமா? பங்குகள் கடைசியில் அவருடைய மனைவி பெயருக்குப் போயின என்றும் பின்னாளில் எழுதப்பட்டது.

யார் இந்த மார்பிள்ஸ்? 1907-ல் மான்செஸ்டரில் பிறந்தவர். அப்பா இன்ஜின் ஃபிட்டர், தொழிலாளர் கட்சிக்காரர். பையனாக இருந்தபோது கால்பந்து பார்க்க வரும் கூட்டத்தில் சிகரெட்டும் மிட்டாயும் விற்றுக் காசு சேர்த்தவர். படித்துப் பட்டயக் கணக்காளரானார். லண்டனில் பழைய பெரிய வீடுகளை வாங்கிப் பிரித்துக் குடியிருப்புகளாக மாற்றும் தொழிலில் பணம் பார்த்தார். 1945-ல் வாலசி தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சி சார்பில் வென்றார். 1948-ல் பொறியாளர் ரெஜினால்ட் ரிட்ஜ்வேயோடு கூட்டுச் சேர்ந்து கட்டுமானக் கம்பெனி ஆரம்பித்தார். அணை, மின்நிலையம், சாலை என்று அது வளர்ந்தது.

ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். போருக்குப் பின் வீடில்லாமல் தவித்த நாட்டுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் வீடு கட்டித் தருகிறோம் என்று கன்சர்வேடிவ் கட்சி வாக்குக் கொடுத்திருந்தது. வீட்டு வசதி அமைச்சர் ஹரோல்ட் மாக்மில்லன். அவருக்குக் கீழே 1951-ல் சேர்ந்து அந்த வேலையை முடித்துக் காட்டியவர் மார்பிள்ஸ். 1957-ல் தபால் துறை அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு ராணி எலிசபெத் பிரிஸ்டலிலிருந்து எடின்பரோவுக்கு ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக டயல் செய்து பேசினார். நாம் பின்னாளில் எஸ்.டி.டி. என்று அறிந்த வசதி அதுதான். இப்படி எடுத்த காரியத்தை முடிக்கிறவர் என்று பெயர் வாங்கியவரைத்தான் பிரதமரான மாக்மில்லன் 1959 அக்டோபரில் போக்குவரத்துக்கு அனுப்பினார்.

அப்போது சாலைக்காக வாதாடும் கூட்டம் ஏற்கெனவே பலமாக இருந்தது. பிரிட்டிஷ் ரோடு ஃபெடரேஷன் என்ற அமைப்பு 1932 முதலே இயங்கி வந்தது. மோட்டார் தொழிலும் லாரிப் போக்குவரத்தும் அதன் பின்னால் நின்றன. நீளமான, அகலமான விரைவுச் சாலைகள் வேண்டும் என்பது அவர்களுடைய பல்லாண்டுக் கோரிக்கை. சாதாரணமாக இப்படிப்பட்ட லாபிகள் ஒவ்வொரு அமைச்சரிடமும் போய்ப் புள்ளிவிவரத்தைக் காட்டி மனதைக் கரைக்க வேண்டும். மார்பிள்ஸிடம் அந்த வேலையே இல்லை. சாலை போட்டுப் பிழைத்த மனிதரே அமைச்சராக உட்கார்ந்திருந்தார். எம்-1 விரைவுச் சாலையின் முதல் பகுதியை 1959 நவம்பர் 2-ல் திறந்து வைத்தவரும் அவர்தான்.

மறுபக்கம் ரயில்வே நஷ்டத்தில் ஓடியது. இதை மறைக்கக் கூடாது. 1955-ல் தீட்டிய நவீனமயத் திட்டம் பணத்தை விழுங்கியதே தவிர நஷ்டத்தை நிறுத்தவில்லை. மார்பிள்ஸ் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான மைல் பாதை மூடப்பட்டுவிட்டது. ஏதாவது செய்தே தீர வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. யாரை வைத்துச் செய்தார்கள், எப்படி எண்ணினார்கள் என்பதில்தான் எனக்கு ஆறாத கோபம்.

1960-ல் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. தலைவர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு, தொழிலதிபர். உறுப்பினர்களில் ஒருவர் ரசாயனக் கம்பெனியான ஐ.சி.ஐ.யின் இயக்குநர் ரிச்சர்ட் பீச்சிங். இன்னொருவர் ஜவுளிக் கம்பெனிக்காரர், மற்றொருவர் கணக்குத் தணிக்கையாளர். ரயில் ஓட்டிப் பழகியவர் அதில் யாருமில்லை. குழு என்ன சொன்னது என்பதையும் அப்போது வெளியிடவில்லை. மறு ஆண்டே பீச்சிங் ரயில்வேயின் தலைமைக்குக் கொண்டுவரப்பட்டார். ஐ.சி.ஐ.யில் வாங்கிய அதே சம்பளம், ஆண்டுக்கு 24,000 பவுண்டு. பிரதமரின் சம்பளம் அன்றைக்கு 10,000 பவுண்டு.

பீச்சிங் எண்ணத் தொடங்கினார். நாடு முழுதும் எந்தப் பாதையில் எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்த்தது ஒரே ஒரு வாரம். 1961 ஏப்ரல் 23-ல் முடிந்த வாரம். ஈஸ்டர் விடுமுறை அந்த மாதத் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது, கோடை விடுமுறையோ இன்னும் வரவில்லை. கடற்கரை ஊர்களுக்குக் கூட்டம் அள்ளுவது ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான். அங்கே போகிறவர் டிக்கெட் எடுப்பதும் மான்செஸ்டரிலோ பர்மிங்காமிலோதான். கடலோரச் சின்ன ஸ்டேஷனின் வசூல் கணக்கில் அந்தப் பணம் வராது. கிளைப்பாதையை வெட்டினால் பெரிய பாதைக்கு வரும் பயணியும் குறைவார் என்பதற்கும் கணக்கில் உரிய இடமில்லை. முடிவில் வந்த எண்கள் கேட்பவரை வாயடைக்கச் செய்தன. பாதைகளில் 30 சதவீதம், பயணிகளில் 1 சதவீதத்தைத்தான் சுமக்கிறதாம். பாதி ஸ்டேஷன்கள் சேர்ந்து கொண்டுவரும் வருமானம் 2 சதவீதமாம். 1963 மார்ச் 27-ல் அறிக்கை வெளிவந்தது. மூட வேண்டிய ஸ்டேஷன்கள் 2,363. பாதை சுமார் 5,000 மைல்.

மக்கள் எதிர்க்கவில்லையா? எதிர்த்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நிறைவேறிய போக்குவரத்துச் சட்டம் கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தது. பாதை மூடப்படும் ஊரில் ஒரு குழு உட்கார்ந்து ஆட்சேபங்களைக் கேட்கும். பயணிகளுக்கு என்ன கஷ்டம் வரும் என்பதை மட்டும் அங்கே சொல்லலாம். ‘நீங்கள் காட்டும் நஷ்டக் கணக்கே தப்பு’ என்று எழுந்து வாதாட வழியில்லை. குழு எழுதி அனுப்புவதைப் பார்த்து, மூடலாமா வேண்டாமா என்று இறுதி முடிவெடுப்பவர் அமைச்சர். அதாவது மார்பிள்ஸ். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் நெஞ்சே இந்த இடம்தான். அவர் லஞ்சம் வாங்கினார் என்று யாரும் நிரூபித்ததில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சாலை போட்டுப் பிழைக்கும் குடும்பத்தின் கையில் தண்டவாளத்தைப் பற்றிய கடைசிக் கையெழுத்து இருந்தது. அந்தக் கணக்கை எதிர்த்துக் கேட்கும் உரிமை ஊர்க்காரருக்கு இல்லை.

‘மார்பிள்ஸ் வெளியேற வேண்டும்’ என்று எம்-1 சாலைப் பாலம் ஒன்றில் யாரோ பெயின்டால் எழுதினார்கள். எழுத்து பல ஆண்டுகள் அழியாமல் நின்றது. அந்த முழக்கத்தைக் கிளப்பியவர்கள் ரயில் இழந்தவர்கள் அல்ல. பார்க்கிங் கட்டுப்பாடும் மஞ்சள் கோடும் வேக வரம்பும் கண்டு கோபப்பட்ட கார்க்காரர்கள். ரயில் இழந்தவர்களுக்கு அவ்வளவு பெரிய குரல் கிடைக்கவில்லை.

1964 அக்டோபரில் ஆட்சி மாறியது. மூடலை நிறுத்துவோம் என்று நம்பிக்கை கொடுத்திருந்த தொழிலாளர் கட்சியே மூடிக்கொண்டு போனது. இரண்டு கட்சிகளின் ஆட்சியையும் சேர்த்து 1964-ல் மட்டும் மூடப்பட்டது 1,058 மைல். எடின்பரோவிலிருந்து கார்லைல் வரை 98 மைல் ஓடிய வேவர்லி பாதையின் முறை 1969 ஜனவரியில் வந்தது. பீச்சிங் பட்டியலில் இருந்த பாதை. மூடச் சொல்லிக் கையெழுத்திட்டது தொழிலாளர் கட்சி அமைச்சர்.

ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனுக்குப் போகும் கடைசி ரயில் எல்லைப்புறக் கிராமமான நியூகாசில்டனை நெருங்குகிறது. ஊரே திரண்டு ரயில்வே கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டுத் தண்டவாளத்தில் நிற்கிறது. முன்னால் நிற்பவர் ஊர்ப் பாதிரியார். போலீஸ் அவரைக் கைது செய்கிறது. அந்த ரயிலிலேயே வந்துகொண்டிருந்த தொகுதி எம்.பி. டேவிட் ஸ்டீல் இறங்கி வந்து பேசுகிறார். பாதிரியாரை விட்டுவிடுங்கள், ஜனங்கள் வழிவிடுவார்கள் என்று சமரசம் ஆகிறது. கேட் திறக்கிறது. ரயில் போய்விட்டது.

மார்பிள்ஸ் 1974-ல் பிரபு பட்டம் பெற்று மேலவைக்குப் போனார். மறு ஆண்டு, வரி ஆண்டு முடியும் தறுவாயில், இரவுக் கப்பலேறி மொனாக்கோவுக்குப் போய்விட்டார். தேயிலை அடைத்து வரும் மரப்பெட்டிகளில் சாமான்களை அள்ளித் திணித்துக்கொண்டு போனதாகவும், லண்டன் வீட்டில் துணிமணிகள் தரையெங்கும் இறைந்து கிடந்ததாகவும் பத்திரிகைகள் எழுதின. வருமான வரித் துறை ஒரு பக்கம், வீட்டைப் பழுது பார்க்கக் கேட்டு வழக்குப் போட்ட குடித்தனக்காரர்கள் இன்னொரு பக்கம். 1978 ஜூலை 6-ல் மான்டி கார்லோவில் இறந்தார்.

வேவர்லி பாதையின் வடக்குப் பகுதியை மட்டும் ஏறத்தாழ 30 கோடி பவுண்டு செலவில் மறுபடி போட்டார்கள். 2015 செப்டம்பரில் எடின்பரோவிலிருந்து ரயில் வந்தது. ட்வீட்பேங்க் என்ற ஊரோடு அது நின்றுவிடுகிறது. நியூகாசில்டன் அதற்கும் வெகுதூரம் தெற்கே இருக்கிறது.

(தொடரும்)