கச்சேரி

மாசி மகம், ஆடித் திருவிழா என்றால் மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பங்களில் இரவு பாட்டுக் கச்சேரி இருக்கும். கீபோர்டு, பேடு, ஒரு கிடார், இரண்டு பாடகர்கள், எல்லாரும் ஒரே டெம்போவில். உப்பளக் காற்றில் கிடார் கம்பி சீக்கிரம் துருவேறும். பாட்டைவிட கம்பி மாற்றும் செலவு பெரிய கவலை.

கச்சேரி இந்தி, மராத்தி வழி வந்த ஆட்சிச் சொல். முதற்பொருள் அலுவலகம், நீதிமன்றம். மயிலாப்பூரின் கச்சேரி சாலை அந்தப் பொருளில் அமைந்த பெயர்தான். அதைப் பாட்டோடு சேர்ப்பவர்கள் சபாக்களை நினைத்து ஏமாறுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 'கச்சேரிக்குப் போறன்' என்றால் இன்றும் மாவட்டச் செயலகத்துக்கு. தமிழ்நாட்டிலோ கோப்பு போய்ப் பாட்டு வந்தது. அதிகாரி வீற்றிருக்க ஆட்கள் கூடும் இடம், கூட்டம், பிறகு கூட்டத்தின் முன் பாடுவது என்று பொருள் நகர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

கர்நாடக சங்கீதத்துக்கு மட்டும் உரிய சொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கடற்கரை அதைப் பொருட்படுத்துவதில்லை. 1961-இல் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பாடல்களோடு கிளம்பிய பீச் பாய்ஸ் நம் குப்பத்துக்கு வந்து பாடியிருந்தால், நோட்டீசில் 'மாபெரும் கச்சேரி' என்றே அடித்திருப்பார்கள். அந்தக் குழுவில் உண்மையில் அலையேறியவர் டென்னிஸ் வில்சன் ஒருவரே. இங்கே கேட்கும் கூட்டத்தில் பாதிப்பேர் விடியுமுன் அலை தாண்டிப் போகிறவர்கள்.

பழைய விசாரணைப் பொருளும் முழுக்கச் செத்துவிடவில்லை. பின்னிரவில் வீடு திரும்பும் பாடகரிடம் நண்பர்கள் சொல்வது: 'இன்னைக்கு வீட்ல உனக்குக் கச்சேரி இருக்கு!'