அனுப்பிய சரக்குக்கு எப்போது பணம் வரும்? சிறு நிறுவனங்களுக்கான 'ட்ரெட்ஸ்' தளம்: முழு விளக்கம்

புது டெல்லி: சரக்கை உரிய நேரத்தில் அனுப்பியாகிவிட்டது. பெரிய நிறுவனத்தின் கிடங்கில் அது இறக்கப்பட்டு, உற்பத்திக்கும் சென்றுவிட்டது. ஆனால், அதற்கான பணம் மட்டும் மாதக்கணக்கில் வந்து சேரவில்லை. இந்தியாவின் குறு, சிறு நிறுவனங்கள் நீண்ட காலமாக முன்வைத்து வரும் குறை இதுதான்.

இக்குறையைத் தீர்க்க நாட்டில் தனிச் சட்டம் உள்ளது. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற டிஜிட்டல் தளங்களும் உள்ளன. வருமான வரிச் சட்டத்திலும் இதற்கென ஒரு பிரிவு சேர்க்கப்பட்டுள்ளது. இவை எவ்வாறு செயல்படுகின்றன, இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் இடைவெளி எங்கே நீடிக்கிறது என்பதை இத்தொகுப்பில் காண்போம்.

தாமதத்தின் அளவு என்ன?

குளோபல் அலையன்ஸ் ஃபார் மாஸ் ஆந்த்ரபிரனர்ஷிப் அமைப்பும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனமும் இணைந்து 2022இல் வெளியிட்ட அறிக்கை, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு வர வேண்டிய தொகையில் தாமதத்தால் முடங்கியிருப்பது சுமார் ரூ.10.7 லட்சம் கோடி என மதிப்பிட்டது.

முடங்கிய தொகை வெறும் கணக்குப் புத்தக எண் அன்று. மூலப்பொருள் வாங்கவும், கூலி கொடுக்கவும், மின் கட்டணம் செலுத்தவும் தேவையான நடைமுறை மூலதனம் அது. அது வராதபோது சிறு நிறுவனம் அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிறது அல்லது அடுத்த ஆர்டரைக் கைவிடுகிறது. லாபத்தில் இயங்கும் தொழிற்கூடமும் கையில் ரொக்கம் இல்லாமல் மூடப்படும் நிலை இப்படித்தான் உருவாகிறது. நீடித்த தொழில் வளர்ச்சி என்பது சிறு நிறுவனத்தைப் பொறுத்தவரை முதலில் இந்தப் பணச் சுழற்சியைப் பொறுத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, பணம் செலுத்துவதற்கான காலவரம்பை நிர்ணயிக்கிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால், அதில் குறிப்பிட்ட நாளுக்குள் பணம் செலுத்த வேண்டும். ஆனால், அந்தக் கெடு 45 நாள்களைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையெனில், வரம்பு 15 நாள்கள்.

கெடு தவறினால், 16ஆவது பிரிவின்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் செலுத்த வேண்டும். உதாரணமாக, வங்கி விகிதம் 6.75 சதவீதம் எனக் கொண்டால், தாமத வட்டி ஆண்டுக்கு 20.25 சதவீதம். ரூ.10 லட்சம் மதிப்புள்ள ஒரு பில், கெடு முடிந்து 6 மாதங்கள் நிலுவையில் இருந்தால், வட்டி மட்டும் சுமார் ரூ.1.06 லட்சம் ஆகும்.

சரக்கு எப்போது 'ஏற்கப்பட்டதாக' கருதப்படும் என்பதையும் சட்டம் தெளிவாக வரையறுத்துள்ளது. சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 15 நாள்களுக்குள் வாங்குபவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே அவர் அதை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அதாவது, சட்டத்தின் பார்வையில் மௌனம் சம்மதமே. இந்த விதியை நினைவில் கொள்வது அவசியம். டிஜிட்டல் தளத்தின் நடைமுறை இதிலிருந்துதான் வேறுபடுகிறது.

பணம் வராத குறு, சிறு நிறுவனங்கள், மாநில அரசுகள் அமைத்துள்ள வசதி மன்றங்களை அணுகலாம். இதற்கான மனுக்களை இணையவழியில் அளிக்க 'சமாதான்' தளம் 2017 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 90 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் செல்ல விரும்பினால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும்.

ஆயினும், தன் முதன்மை வாடிக்கையாளருக்கு எதிராக மனு அளிப்பது சிறு நிறுவனத்துக்கு எளிதான முடிவன்று. நிலுவைத் தொகை கிடைத்தாலும் அடுத்த ஆர்டர் கிடைக்காமல் போகலாம் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. மோதலின்றிப் பணம் பெறும் வழி ஒன்று தேவைப்பட்டது இதனால்தான்.

'ட்ரெட்ஸ்' என்றால் என்ன?

வர்த்தக வரவினங்களைத் தள்ளுபடி விலையில் விற்றுப் பணமாக்கும் மின்னணு அமைப்பே சுருக்கமாக 'ட்ரெட்ஸ்' எனப்படுகிறது. இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வெளியிட்டது. சிட்பியும் தேசியப் பங்குச் சந்தையும் இணைந்து உருவாக்கிய ஆர்எக்ஸ்ஐஎல், மைண்ட் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் எம்1எக்ஸ்சேஞ்ச், ஆக்சிஸ் வங்கியும் எம்ஜங்ஷன் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய இன்வாய்ஸ்மார்ட் ஆகிய தளங்கள் 2017இல் செயல்பாட்டுக்கு வந்தன.

இத்தளங்கள் தாமாகக் கடன் கொடுப்பதில்லை. விற்பவர், வாங்குபவர், நிதியளிக்கும் வங்கி அல்லது வங்கி சாரா நிதி நிறுவனம் ஆகிய மூவரையும் ஒரே சந்தையில் சந்திக்க வைப்பதே இவற்றின் பணி.

எப்படிச் செயல்படுகிறது?

- முதலில், சரக்கு அனுப்பிய சிறு நிறுவனம் தன் பில்லைத் தளத்தில் பதிவேற்றுகிறது. வாங்கும் நிறுவனமே பதிவேற்றும் முறையும் உண்டு. இவ்வாறு பதிவாகும் பில், 'ஃபேக்டரிங் யூனிட்' என அழைக்கப்படுகிறது.

- அடுத்து, எதிர்த்தரப்பு அதைச் சரிபார்த்து ஏற்க வேண்டும். விற்பவர் பதிவேற்றிய பில்லாயின், வாங்குபவர் ஏற்க வேண்டும்.

- ஏற்பு கிடைத்ததும், தளத்தில் உள்ள பல நிதியளிப்போர் தங்கள் வட்டி விகிதத்தைக் குறிப்பிட்டு ஏலம் கேட்கின்றனர்.

- பொருத்தமான விகிதம் தேர்வு செய்யப்பட்டதும், தள்ளுபடி போக மீதித் தொகை ஓரிரு வேலை நாள்களில் விற்பவரின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

- கெடு நாளில், வாங்கிய நிறுவனத்தின் கணக்கிலிருந்து முழுத் தொகையும் நிதியளித்தவருக்குச் செல்கிறது.

இதில் இரண்டு அம்சங்கள் முக்கியமானவை. முதலாவதாக, கெடு நாளில் வாங்கிய நிறுவனம் பணம் செலுத்தத் தவறினாலும், நிதியளித்தவர் சிறு நிறுவனத்திடம் திரும்பக் கேட்க முடியாது. இரண்டாவதாக, பில்லை ஒருமுறை ஏற்றுக்கொண்ட பிறகு, சரக்கின் தரம் சரியில்லை என்று காரணம் காட்டி வாங்கியவர் நிதியளித்தவருக்கான பணத்தை நிறுத்தி வைக்க முடியாது.

வட்டியில் எவ்வளவு வேறுபாடு?

வங்கியில் சாதாரணக் கடன் கேட்கும்போது, சிறு நிறுவனத்தின் சொத்து, பிணை, கடன் வரலாறு ஆகியவை பார்க்கப்படும். 'ட்ரெட்ஸ்' தளத்திலோ, பணம் செலுத்தப் போவது பெரிய நிறுவனம் என்பதால், அதன் கடன் தரமே பிரதானமாகக் கருதப்படுகிறது. பிணை வைக்கச் சொத்தில்லாத சிறு நிறுவனமும், நல்ல தரமதிப்பீடு கொண்ட வாடிக்கையாளரின் பெயரால் குறைந்த வட்டிக்குப் பணம் பெற முடிகிறது.

ஓர் எளிய கணக்கு: ரூ.10 லட்சம் பில்லை 45 நாள்களுக்கு முன்னதாகப் பணமாக்க, ஆண்டுக்கு 9 சதவீத விகிதத்தில் ஏலம் முடிந்தால், செலவு சுமார் ரூ.11,100. அதே தொகையை ஆண்டுக்கு 24 சதவீத வட்டிக்கு வெளியில் கடனாக வாங்கினால், செலவு சுமார் ரூ.29,600. குறைந்த லாப விகிதத்தில் இயங்கும் தொழிற்கூடத்துக்கு ஒவ்வொரு பில்லிலும் இந்த வேறுபாடு மிகப் பெரிது.

துணை நிற்கும் டிஜிட்டல் கட்டமைப்பு

'ட்ரெட்ஸ்' தனித்து இயங்கும் அமைப்பன்று. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள 'உத்யம்' பதிவு, நிறுவனத்தின் அடையாளத்தை உறுதிப்படுத்துகிறது. இப்பதிவு முற்றிலும் இணையவழியிலானது, கட்டணம் இல்லை. முறைசாராக் குறு நிறுவனங்களுக்கான உதவித் தளத்தையும் சேர்த்து, 6 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் நடைபெற்றுள்ளன.

ஜிஎஸ்டி மின்னணு விலைப்பட்டியல் முறை, 2020 அக்டோபரில் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் கொண்ட நிறுவனங்களுக்கு அறிமுகமாகி, படிப்படியாக விரிவடைந்து, 2023 ஆகஸ்ட் முதல் ரூ.5 கோடிக்கு மேல் விற்றுமுதல் கொண்டவர்களுக்கும் கட்டாயமானது. ஒவ்வொரு பில்லுக்கும் தனி எண் கிடைப்பதால், போலி பில்களைக் கண்டறிவது எளிதாகியுள்ளது.

2021ஆம் ஆண்டு ஃபேக்டரிங் ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம், இத்தொழிலில் ஈடுபடக்கூடிய வங்கி சாரா நிதி நிறுவனங்களின் வட்டத்தை விரிவாக்கியது. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி, இப்பரிவர்த்தனைகளுக்குக் காப்பீடு வழங்கவும் அனுமதித்தது. தரமதிப்பீடு குறைந்த நிறுவனங்களின் பில்களுக்கு நிதியளிக்கத் தயங்குவோரை ஊக்குவிப்பதே இதன் நோக்கம். காப்பீட்டுக் கட்டணத்தை விற்பவரான சிறு நிறுவனத்திடம் வசூலிக்கக் கூடாது என்பது விதி.

இடைவெளி எங்கே?

ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் கொண்ட நிறுவனங்கள் 'ட்ரெட்ஸ்' தளத்தில் இணைய வேண்டும் என மத்திய அரசு 2018 நவம்பரில் அறிவித்தது. இந்த வரம்பு 2024 நவம்பரில் ரூ.250 கோடியாகக் குறைக்கப்பட்டு, 2025 மார்ச் 31 வரை அவகாசம் அளிக்கப்பட்டது.

ஆனால், இந்த அறிவிக்கைகள் கட்டாயமாக்கியது தளத்தில் இணைவதை மட்டுமே. பதிவேற்றப்படும் ஒவ்வொரு பில்லையும் குறிப்பிட்ட நாளுக்குள் ஏற்க வேண்டும் என அவை கட்டளையிடவில்லை. ஏற்பு இல்லையேல் ஏலம் இல்லை. ஏலம் இல்லையேல் பணமும் இல்லை. சட்டத்தில் 15 நாள் மௌனம் சம்மதமாகக் கருதப்படுகிறது. தளத்திலோ அதே மௌனம் பில்லை முடக்கிவிடுகிறது. முழுச் சங்கிலியும் மின்னணு மயமான பின்னரும், அதன் திறவுகோல் பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடமே உள்ளது.

இதைத் தொழில்நுட்பத்தால் தீர்க்க முடியாது என்றும் கூறிவிட முடியாது. ஜிஎஸ்டி தளத்தில் 2024 அக்டோபரில் அறிமுகமான விலைப்பட்டியல் மேலாண்மை அமைப்பில், வாங்குபவர் ஒரு பில்லை ஏற்கலாம், நிராகரிக்கலாம் அல்லது நிலுவையில் வைக்கலாம். எந்த நடவடிக்கையும் எடுக்காவிட்டால், அது ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். அந்த ஏற்பு உள்ளீட்டு வரி வரவுக்கானது. கடன் பொறுப்புக்கானது அன்று. எனினும், மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் விதியை மின்னணு முறையில் செயல்படுத்த இயலும் என்பதற்கு அது சான்று.

வரிச் சட்டத்தின் அழுத்தம்

2023 நிதிச் சட்டம், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் புதிய உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டப்படியான கெடுவுக்குள் பணம் செலுத்தாவிட்டால், அச்செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. பணம் உண்மையில் செலுத்தப்படும் ஆண்டில்தான் கழிக்க முடியும். இது 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது.

தாமதம் செய்தால் வரிச்சுமை கூடும் என்பதால், வாங்குபவர்களுக்கு இது நேரடி அழுத்தம். அதேவேளையில், இந்த விதிக்கு உட்படாத நடுத்தர நிறுவனங்களுக்கோ, பதிவு செய்யாதவர்களுக்கோ ஆர்டர்கள் மாற்றப்படலாம் என்ற அச்சமும் தொழில் வட்டாரங்களில் எழுந்தது.

சிறு நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

- 'உத்யம்' பதிவை ஆர்டர் பெறும் முன்பே முடித்துவிடுவது பாதுகாப்பானது. ஒப்பந்தத்துக்குப் பின் பதிவு செய்தவர்கள் முந்தைய சரக்குக்குச் சட்டப் பாதுகாப்புக் கோர முடியாது என உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. பதிவு எப்போது இருக்க வேண்டும் என்ற கேள்வி, 2025 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

- தாமதப் பணத்துக்கான சட்டப் பாதுகாப்பு, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. நடுத்தர நிறுவனங்கள் 'ட்ரெட்ஸ்' தளத்தைப் பயன்படுத்தலாம். ஆனால், 45 நாள் விதியைக் கோர முடியாது.

- 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வியாபாரிகளும் 'உத்யம்' பதிவு பெறலாம். ஆயினும், அது முன்னுரிமைத் துறைக் கடன் பெறுவதற்கு மட்டுமே பயன்படும்.

- 2025 ஏப்ரல் 1 முதல் வரையறை மாறியுள்ளது. முதலீடு ரூ.2.5 கோடி, விற்றுமுதல் ரூ.10 கோடி வரை குறு நிறுவனம், முதலீடு ரூ.25 கோடி, விற்றுமுதல் ரூ.100 கோடி வரை சிறு நிறுவனம். முன்பு நடுத்தரப் பிரிவில் இருந்த சில நிறுவனங்கள் இப்போது பாதுகாப்பு வளையத்துக்குள் வரக்கூடும்.

- சரக்கு இறங்கிய நாளுக்கான ஒப்புகையைத் தேதியுடன் பெற்று வைப்பது அவசியம். 15 நாள் ஆட்சேபக் காலமும், பணம் செலுத்தும் கெடுவும் அந்தத் தேதியிலிருந்தே கணக்கிடப்படும்.

- ஆர்டர் பேசும்போதே, பில்லை 'ட்ரெட்ஸ்' தளத்தில் எத்தனை நாள்களுக்குள் ஏற்பது என்பதைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். சட்டம் விட்டு வைத்த இடைவெளியை ஒப்பந்தத்தால் ஓரளவு நிரப்ப முடியும்.

சட்டம் காலக்கெடுவை வகுத்தது; டிஜிட்டல் தளம் பில்லைப் பணமாக்கும் சந்தையை உருவாக்கியது; வரி விதி தாமதத்துக்கு விலை நிர்ணயித்தது. இம்மூன்றையும் இணைக்க வேண்டிய கண்ணி, பில்லை ஏற்பதற்கான காலவரம்பு. அதுவும் வகுக்கப்படும்போதுதான், சரக்கை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு இந்த டிஜிட்டல் மாற்றத்தின் பலன் முழுமையாகச் சென்று சேரும்.