1121-ஆம் வருஷத்து அரை ரூபாய்

பழைய காசு சேர்க்கிறவங்க கையில எப்பவாவது இந்த வெள்ளிக்காசு சிக்கும். சங்கு முத்திரை, கூடவே 1121-னு வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தப்போ ரோட்டோரம் காசு பரப்பியிருந்த ஒருத்தர் இதைக் காட்டி, "சோழர் காலத்துக் காசு சார், தொள்ளாயிரம் வருஷம் ஆச்சு"ன்னு அடிச்சு விட்டார். விலையும் சோழர் விலைதான். கி.பி. 1121-ல முதலாம் குலோத்துங்கன் ஆட்சிங்கிறது வாஸ்தவம். ஆனா காசுல இங்கிலீஷ் எழுத்து இருக்கே அண்ணாச்சி, குலோத்துங்கனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? :-)

அது திருவிதாங்கூர் அரை ரூபாய். வருஷம் கொல்லம் ஆண்டு. கூட 825 சேர்த்தா 1946. கொல்லம் ஆண்டு ஆவணியில பிறக்கிறதால 1945 கடைசியாவும் இருக்கலாம். ஆக, சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முந்தின காசு, அவ்வளவுதான்.

இது நம்ம ஊர்ப்பக்கம் கிடைக்கிறதுல ஆச்சரியமே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் வெள்ளைக்காரன் சீமை. ரூபாய், அணா, பைசா கணக்கு. 1927-ல விருதுநகர் - தென்காசி ரயில் வந்தது. தென்காசி வரைக்கும் இதே கணக்கு. அடுத்து செங்கோட்டை, அது திருவிதாங்கூர் ராஜா சீமை. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய்.

வேடிக்கை இனிமேதான். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். வெள்ளைக்காரன் ரூபாய்க்கு இருபத்தெட்டரை! அதாவது ராஜாவோட ரெண்டு அரை ரூபாயைச் சேர்த்தாலும் நம்ம ஊர் ஒரு ரூபாய் ஆகாது. அரைச் சக்கரம், எட்டு காசு குறையும். எட்டு காசுதானேன்னு தோணும். பருத்தி மூட்டை வித்து நூறு ரூபாய் வாங்குறவனுக்கு அது ஐம்பது சக்கரம். எந்த ரூபாய்னு கேக்காம பேரம் முடிச்சவன் கதி அம்புட்டுதான்.

அந்தக் காலத்து வெள்ளிச் சக்கரம் மொளகைவிடக் கொஞ்சம்தான் பெருசு. ஊதினா பறக்கும். இதை எப்படி எண்ணுறது? அதுக்குன்னே சக்கரப் பலகை இருந்துச்சு. மரப்பலகையில வரிசையா சின்னச் சின்னக் குழி, ஒரு குழிக்கு ஒரு சக்கரம். கைநிறைய அள்ளிப் போட்டு ஆட்டினா குழியெல்லாம் நிறைஞ்சிடும், மிச்சத்தை வழிச்சு விடணும். குழி எத்தனையோ சக்கரம் அத்தனை. ஒண்ணொண்ணா எண்ணுற வேலையே கிடையாது. என்னைக் கேட்டா, காசைவிட இந்தப் பலகைதான் பொக்கிஷம்.

1949-ல திருவிதாங்கூர் கொச்சியோட சேர்ந்தது, ராஜா காசும் முடிஞ்சது. 1956 நவம்பர் 1-ல செங்கோட்டையும் நம்ம பக்கம் வந்துடுச்சு. மிச்சம் இருந்த சக்கரமெல்லாம் வெள்ளி விலைக்கு உருகிக்கிட்டு இருக்கு. உங்க ஆச்சி சுருக்குப்பையில மீன் செதில் மாதிரி ஏதாவது கிடந்தா, பத்தர்கிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெளிச்சத்துல வச்சுப் பாருங்க.