பாசறைப் பிரிவு: முல்லைப்பாட்டிலும் 1943-இலும்

படிவம் 5 வகுப்பில் இந்தியத் தேசிய இராணுவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நேதாஜி, ஜூலை 1943, ஆசாத் ஹிந்த் அரசு என்று தேதிகளைக் கரும்பலகையில் எழுதி முடித்த நேரம். பின்வரிசை மாணவன் ஒருவன் கேட்டான்: "ஆசிரியர், பயிற்சிக்குப் போன ஆளுங்களுக்குப் பொண்ணு கிண்ணு பார்த்து வச்சிருக்க மாட்டாங்களா? அவங்க என்ன ஆனாங்க?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி. நம் பாடநூலில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய நம் இலக்கியத்தில் அதற்கென்று தனி இடமே இருக்கிறது.

பாசறையில் அவன், வீட்டில் அவள். இதுதான் முல்லைத்திணையின் உயிர். பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு, 103 அடிகளில், காவிரிப்பூம்பட்டினத்து நப்பூதனார் பாடியது. அதில் அரசன் பாசறையில் தூங்காமல் கிடக்கிறான். புண்பட்ட யானையையும் மாண்ட வீரரையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். அரசி வீட்டில் அவன் வரவை எண்ணிக் கலங்குகிறாள். அவளைத் தேற்ற முதுபெண்டிர் போய் விரிச்சி கேட்கிறார்கள்; ஆய்மகள் ஒருத்தி கன்றிடம், உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று சொல்வது நற்சொல்லாகக் காதில் விழுகிறது. கடிதம் இல்லாத காலத்தில் சேதி என்பது அவ்வளவுதான்.

கடிதம் இருந்த காலத்திலும் நிலைமை அப்படியே ஆனது என்பதைத்தான் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஜப்பானியர் 8 டிசம்பர் 1941-இல் கோத்தா பாருவில் இறங்கினர். 11-ஆம் தேதி பினாங்கில் குண்டு விழுந்தது. 15 பிப்ரவரி 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதோடு மலாயாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே கப்பலும் இல்லை, வழக்கமான தபாலும் இல்லை. பால் மரம் வெட்ட வந்தவர்களில் பலருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். சிலருக்குப் பேசி முடித்த பெண் ஊரில். உயிரோடு இருக்கிறானா என்பதே கிட்டத்தட்ட நான்கு ஆண்டுக்கு அவளுக்குத் தெரியாது. அவளைப் பற்றி அவனுக்கும் தெரியாது.

இந்த நிலையில்தான் நேதாஜி வந்தார். 1943 ஜூலைக்குப் பிறகு தோட்டத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். நாட்டுப்பற்று மட்டுமே காரணம் என்று எழுதினால் முழு உண்மை ஆகாது. சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்ற பயமும் சிலரைப் படைக்குத் தள்ளியது. அந்தப் பயம் நம்ம ஊருக்கு அந்நியமில்லை. தாசேக் கெலுகோர் நிலையத்தைத் தாண்டித்தான் ரயில் பாடாங் பெசார் போகிறது. 415 கிலோமீட்டர் மரணப் பாதைக்கு மேற்குக்கரை ஊர்களிலிருந்து ஆள் ஏற்றிச் சென்ற வண்டிகள் ஓடியதும் இந்தத் தண்டவாளத்தில்தான்.

பயிற்சி முகாமில் கட்டளைகள் இந்துஸ்தானியில். ரோமன் எழுத்தில் அதை எழுதிக் கற்பித்தார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த பையன் "லெஃப்ட் ரைட்" பழகும்போதே இன்னொரு மொழியையும் பழக வேண்டியிருந்தது. முல்லைப்பாட்டைப் படித்தவர்களுக்கு இங்கே ஓர் இடம் நினைவுக்கு வரும். அந்தப் பாசறையிலும் பாகர்கள் யானையை வடமொழிச் சொற்களால்தான் பழக்குகிறார்கள்! யானை பாவம்தான்.

"டில்லி சலோ" என்ற முழக்கத்தை நாம் அரசியல் முழக்கமாக மட்டும் விளக்குகிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண்ணை விட்டு வந்தவனுக்கு அது வீட்டுக்குப் போகும் வழியாகவும் கேட்டிருக்கும் என்பது என் எண்ணம். கப்பல் இல்லை. இந்தியாவுக்குப் போக மீதி இருந்த ஒரே பாதை பர்மா வழியாக, துப்பாக்கியோடு. அந்தப் பாதை 1944-இல் இம்பாலில் அடைபட்டது.

கடல் வழியாகப் போனவர்களும் உண்டு. அந்தக் கதை நம் பினாங்கில் தொடங்குகிறது. 1942-இல் பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் பொறுப்பில் சுவராஜ் பயிற்சிக் கழகம் நடந்தது. இந்தியாவுக்குள் இரகசியமாக அனுப்ப இளைஞர்களைத் தயார் செய்த இடம். அவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர், திருவிதாங்கூர்க்காரர், பிழைப்புத் தேடி மலாயா வந்தவர். 1942 செப்டம்பரில் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, மலபாரில் தானூர்க் கரையில் தோழர்களோடு இறங்கினார். இறங்கியதுமே பிடிபட்டார்கள். சொந்த ஊர் அதே கடற்கரையில், தெற்கே. அவர் அங்கே போய்ச் சேரவேயில்லை. 10 செப்டம்பர் 1943-இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார், வயது 26. அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகியோரும் அன்றே. முந்தைய இரவு காதர் தம் தந்தைக்குக் கடிதம் எழுதினார். வீட்டுக்குக் கடிதம் எழுத வாய்ப்பு வந்தது தூக்குமேடைக்குப் பக்கத்தில்தான்.

இன்னொன்று. முல்லைப்பாட்டின் பாசறையில் கச்சில் வாள் கட்டிய பெண்கள் உண்டு. ஆனால் அவர்கள் வேலை விளக்கேற்றுவது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை முகாம் திறந்தபோது பெண்களே துப்பாக்கி எடுத்தார்கள். கோலாலம்பூர் ஜானகி, ஈப்போ ராசம்மா இருவரையும் மாணவர்கள் அறிவார்கள். காத்திருப்பவள் யார், போகிறவன் யார் என்ற பழைய கணக்கே அங்கே புரண்டுவிட்டது. அதன் தலைவி டாக்டர் லட்சுமி 1945-இல் பர்மாவில் பிடிபட்டு அங்கேயே வைக்கப்பட்டிருந்தார். அவர் மணக்கவிருந்த பிரேம் சேகல் அப்போது செங்கோட்டையில் விசாரணைக் கூண்டில். 1947 மார்ச்சில்தான் லாகூரில் திருமணம். இவர்கள் பெயர் தெரிந்தவர்கள், அதனால் கதை கிடைக்கிறது. தோட்டத்துப் பையனுடையது கிடைக்கவில்லை.

தேர்வு எழுதுவோருக்கு ஒன்று: இலக்கியத்தையும் வரலாற்றையும் ஒப்பிடும்போது நெடுநல்வாடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நக்கீரர் பாடியது, 188 அடி. அங்கேயும் நள்ளிரவில் அரசன் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான், அரசி அரண்மனையில் வருந்துகிறாள். வேலில் கட்டிய வேம்பு பாண்டியனை அடையாளம் காட்டிவிடுவதால் அதைப் புறம் என்பார்கள். அகத்தில் பெயர் சொல்லக் கூடாது.

அந்த வாரம் வீட்டுப்பாடமாக, பயிற்சி முகாமிலிருந்து ஒரு வீரன் எழுதும் கடிதத்தை எழுதச் சொன்னேன். கேள்வி கேட்ட அதே மாணவன் தேதி போட்டிருந்தான், விளித்தலும் முடிப்பும் சரி. அனுப்புநர் முகவரி மட்டும் காலி.

"என்னப்பா, அமைப்புக்கு மதிப்பெண் போயிடுமே?"

"எங்க இருக்கோம்னு எழுத விடமாட்டாங்களே, ஆசிரியர்."

மதிப்பெண் குறைக்கவில்லை.